மரத்தில் ஒரு சட்டிகூட இல்லை

மகனே, இதை யாரிடமும் காட்டாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். பெற்றவள் பிள்ளையின் காலைப் பிடிப்பது முறையில்லை என்பார்கள். ஆனால் நீ இன்னும் பிறக்கவே இல்லை, எனக்கும் பதினாறு வயது முடியவில்லை. நம் இருவருக்குள் முறை பார்க்க என்ன இருக்கிறது? மீசை முளைத்து நீ ஆளான பிறகுதான் இதை உன் கையில் கொடுப்பேன். அன்றைக்குத் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து படி. உன் அப்பாவிடம் காட்டாதே. உன் அப்பாவைப் பெற்றவரிடம் காட்டவே காட்டாதே.

தானியம் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். அவள் தூங்குகிறாளா, விழித்திருக்கிறாளா என்பது அக்காள் போன நாளிலிருந்து யாருக்கும் தெரிவதில்லை. அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணுகிறது. என் கையெழுத்து இப்படி இருக்காது, பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். விடிந்து வெயில் ஏறியதும் எனக்குப் பூ வைக்க வருகிறார்கள். வருகிறவர் எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியின் போர்மேன். மாப்பிள்ளை அவருடைய மகன். இந்தக் கல்யாணம் நடந்தால் நீ போர்மேனின் பேரன். நடக்காவிட்டால் யாருடைய பேரனாக வேண்டுமானாலும் இரு, எனக்குச் சம்மதம். அவருக்கு மட்டும் வேண்டாம். அவர்தான் என் அக்காள் பேச்சியைத் தீக்குள் விட்டவர். அது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊருக்கே தெரியப் போகிறது. அதனால்தான் இந்த அவசரம்.

உன் தாய்வழித் தாத்தாவைப் பற்றி முதலில் சொல்கிறேன், அவரை நீ வெறுத்துவிடக் கூடாது. என் அப்பாவுக்குக் கொஞ்சம் கரிசல் நிலம் உண்டு. பருத்தி போடுவார், மழை பொய்த்தால் கம்பு. அது அவருடைய பிழைப்பு. அவருடைய பெருமை வேறு. எங்கள் ஊர் தீயணைப்புத் தொண்டர் படையில் அவர்தான் மணல் வரிசைக்குத் தலைமை. சிவகாசியிலிருந்து தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எரிய வேண்டியதெல்லாம் எரிந்து முடிந்துவிடும் என்பதால் ஊர் ஆண்கள் சேர்ந்து வைத்த படை அது. சம்பளம் கிடையாது. தெருமுனையில் ஒரு கூரைக் கொட்டகை, அதில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை அடித்தால் ஏர் பிடிப்பவன் ஏரை விட்டு, சவரம் செய்துகொள்பவன் பாதி முகத்தோடு ஓடி வரவேண்டும். படையின் தலைவர் லாரி ஓட்டும் சவரிமுத்து அண்ணாச்சி. ஒருமுறை அவருடைய மீசையில் ஒரு பக்கம் தீயில் கருகிவிட்டது. மறு பக்கத்தையும் மழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் சம்சாரம் கதவைத் திறந்து, "அவுக வீட்ல இல்ல, பொறவு வாங்க" என்று சொல்லி மூடிவிட்டார்களாம். இதை அண்ணாச்சியே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பா வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் படையைப் பற்றிய பேச்சுதான். இன்றைக்கு யார் முன்னால் போவது, யார் கயிறு பிடிப்பது, பக்கத்து ஊர் தீக்கு நாம் போகலாமா, போனால் அந்த ஊர்க்காரன் கோபித்துக்கொள்வானா. கிணற்றில் நமக்குத் தண்ணீர் முறை வந்த நேரத்தில் தண்டவாளம் அடித்தால் எதை விடுவது? அப்பா எப்போதும் தண்ணீரை விட்டுவிட்டு ஓடுவார். "ஊர்த் தீய அணைக்க ஓடுதீக, வீட்டு அடுப்புக்கு ரெண்டு வெறகு பொளந்து போட ஆளில்ல" என்று அம்மா கத்துவாள். "ஏன் மதினி, ஒங்க அடுப்புப் புகையப் பாத்து நாங்க ரெண்டு தடவ வாளியோட ஓடி வந்துட்டோம், பத்தாதா?" என்று அண்ணாச்சி வாசலில் நின்று கேட்பார். அம்மாவும் சிரித்துவிடுவாள். அம்மா சிரித்ததை நீ பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இனிமேல் அது நடக்குமா என்று தெரியவில்லை.

பட்டாசு மருந்தில் அலுமினியப் பொடி இருக்கும். அதில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் இன்னும் சீறும். மணல்தான் போடவேண்டும். அதனால் படையில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஒரு மணல் வாளி உண்டு. மணல் ஈரம் குடித்து இறுகிவிட்டால் அவசரத்துக்கு வாளியைச் சாய்த்தாலும் விழாது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை தோறும் விடிகிற நேரத்தில் எல்லாரும் கொட்டகைக்கு வந்து, அவரவர் வாளியைத் தரையில் கவிழ்த்து, மணலைக் கையால் உதிர்த்து, திரும்பவும் நிரப்புவார்கள். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், மகனே. பின்னால் தேவைப்படும். அந்த வாளிகளை வாங்கிக் கொடுத்தது பட்டாசுக் கம்பெனி. அதனால் ஞாயிறு காலையில் போர்மேனும் வருவார். பெரிய தூக்கில் காப்பி கொண்டுவந்து எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்து, நன்றி வாங்கிக்கொண்டு போவார்.

தீப்பிடித்த இடத்தில் படை கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "உள்ள எத்தன பேரு?" அதற்குக் கம்பெனிக்காரர்கள் உண்மை சொல்வதில்லை. கணக்கில் காட்டியதைவிட அதிகம் ஆட்களை உள்ளே வைத்திருப்பார்கள். சொன்னால் லைசென்ஸ் போய்விடும். தாயில்பட்டிப் பக்கம் ஒரு தீயில் இரண்டே பேர் என்று சொன்னார்கள். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு படை வெளியே வந்துவிட்டது. அப்போதுதான் வேலைக்காரர்களின் தூக்குச்சட்டிகள் மரத்தில் தொங்குவதைச் சவரிமுத்து அண்ணாச்சி பார்த்தார். ஐந்து சட்டிகள். திரும்ப உள்ளே ஓடி மற்ற மூன்று பேரையும் இழுத்து வந்தார்கள். பட்டாசு அறைக்குள் உலோகச் சாமான் எதையும் கொண்டுபோகக் கூடாது, உரசினால் பொறி பறக்கும். தரையில் வைத்தால் எறும்பு ஏறும். அதனால் எந்தக் கம்பெனியிலும் சாப்பாட்டுச் சட்டிகள் வேப்ப மரத்தில்தான் தொங்கும். அன்றிலிருந்து எங்கள் படை யாரையும் நம்பாமல் மரத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவர்களை எண்ணியது. "மனுசன் பொய் சொல்லுவான், சட்டி பொய் சொல்லாது" என்பார் அண்ணாச்சி. காப்பி குடித்துக்கொண்டே பெருமையாகச் சொல்வார். காப்பி ஊற்றியவர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

என் அக்காள் பேச்சி அந்தக் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை பார்த்தாள். என்னைப் போலப் படிக்கவில்லை, ஆனால் என்னைவிட நன்றாகக் கணக்குப் போடுவாள். சடை பின்னும்போது இழுத்து வலிக்க வைப்பாள். நான் கத்தினால், "வலிக்கலேன்னா பின்னலு நிக்காதுடி" என்பாள். அவளுடைய சட்டி பித்தளை. அடியில் "பே" என்று அவளே ஆணியால் பொறித்து வைத்திருந்தாள். தீபாவளி சீசனில் ஒரு நாள் கம்பெனிக்கு லீவு விட்டார்கள். அதிகாரிகள் அன்றைக்கு வேலை நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். ஆனால் ஒரு ஆர்டர் முடியாமல் கிடந்தது. போர்மேன் நான்கு பெண்களை மட்டும் இரகசியமாக வரச் சொன்னார், வீட்டில்கூடச் சொல்லாதீர்கள் என்றார். அக்காள் அம்மாவிடம் சித்தி காட்டில் பருத்தி எடுக்கப் போவதாகச் சொன்னாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். மற்ற மூவரில் ஒருத்தி சவரிமுத்து அண்ணாச்சியின் தங்கை மகள் செல்வி. மற்ற இருவரும் படைக்காரர்கள் வீட்டுப் பெண்கள்தான்.

மத்தியானம் நான் கம்பெனிக்குப் பக்கத்துக் காட்டில் விறகுக்காகக் காய்ந்த பருத்திமாறு பிடுங்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு வெடிச் சத்தம். மருந்து கலக்கும் அறையின் கூரை பறந்தது. நான் வேலியைத் தாண்டி ஓடினேன். அந்த அறையில் ஆள் இல்லை. நான்கு பேரும் அடுத்த அறையில் இருந்தார்கள். அந்த அறையின் முன்கதவைத் தீ மறைத்துவிட்டது. பின்கதவை வெளிப்பக்கத்திலிருந்து அட்டைப் பெட்டிகளை அடுக்கி அடைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது ஒன்றுதான். போர்மேன் வேப்ப மரத்தடியில் நின்று தூக்குச்சட்டிகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். வெடி வெடிக்கிறது, தீ எரிகிறது, அவர் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். நம் சாமானைக் காப்பாற்றுகிறார், எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன், மகனே. அப்படித்தான் நினைத்தேன்.

"மாமா, எங்கக்கா எங்க?" என்று கத்தினேன். எங்களுக்குள் அவர் மாமன் முறை. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். பிறகு நிதானமாக, "எல்லாரும் அப்பவே ஓடிட்டாளுக. ஒங்கக்கா வீட்டுக்குப் போயிட்டா. நீயும் ஓடு மருமகளே, இங்கன நிக்காத" என்றார். நான் வீட்டைப் பார்த்து ஓடினேன். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவர் சாக்கோடு கம்பெனிக்குப் பின்னாலிருக்கும் பாழுங்கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். வழியில் படை எனக்கு எதிரே ஓடி வந்தது. அப்பா வாளியோடு முன்னால் ஓடினார். என்னைப் பார்த்து, "விலகு தாயி" என்றார். நான் விலகி நின்றேன். அக்காள் வீட்டில் இருப்பாள் என்ற நினைப்பில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் அக்காள் இல்லை. நான் திரும்பி ஓடியபோது அந்த அறையின் கூரை இறங்கிவிட்டது. படை அங்கே இல்லை, குடோன் பக்கம் நின்று மணல் அடித்துக்கொண்டிருந்தது. குடோனில் அவ்வளவு மருந்தும் இருந்தது, அது வெடித்திருந்தால் ஊர் போயிருக்கும். அவர்கள் வந்ததும் "உள்ள எத்தன பேரு?" என்று கேட்டிருக்கிறார்கள். "இன்னைக்கு லீவுய்யா, ஒரு ஈ காக்கா இல்ல, குடோனப் பாருங்க" என்றார் போர்மேன். அப்பா அவரை நம்பவில்லை. மரத்தைப் பார்த்தார். மரத்தை நம்பினார். அக்காளும் செல்வியும் உள்ளே கதவைத் தட்டியிருப்பார்கள். சரம் சரமாய் வெடித்த சத்தத்தில் அது யார் காதில் விழும்?

சாம்பல் ஆறிய பிறகுதான் நான்கு பேரையும் எடுத்தார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் போர்மேன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். திருட்டுத்தனமாகப் பூட்டை உடைத்து உள்ளே போய் வெடி எடுத்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைகள், என்ன செய்வது என்றார். ஊரும் அதை நம்பிவிட்டது. என் அக்காள் செத்தும் திருடியானாள். அவர் கூப்பிட்டுத்தான் போனாள் என்று சாட்சி இல்லாமல் நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று இருந்துவிட்டேன். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அப்பா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "மரத்துல ஒரு சட்டிகூட இல்லய்யா. நான் பாத்தேன். ஒரு சட்டிகூட இல்ல." அவர் அதைச் சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது. என் கண் முன்னால் அந்தச் சாக்கு வந்தது. நான் எழுந்து அப்பாவிடம் போகத் திரும்பினேன். போர்மேன் என் பின்னாலேயே நின்றிருந்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

என் தோளைப் பிடித்து ஆறுதல் சொல்வதுபோல மாட்டுத் தொழுவத்துக்கு அழைத்துப்போனார். குரலை உயர்த்தவில்லை. "வாளிய குடோன் பக்கம் திருப்புனது யாரு? ஒங்கப்பன். மணல் வரிசைக்கு அவன்தான் தலைவன். நீ வாயத் தொறந்தா கேசு மொதல்ல அவன் மேலதான் திரும்பும். இல்ல, ஒங்கப்பன் அருவாளத் தூக்கிக்கிட்டு என்னத் தேடி வருவான். ரெண்டுல எது நடந்தாலும் அவனுக்கு ஜெயில்தான். ஒங்கம்மாளுக்கு யாரு இருக்கா, சொல்லு மருமகளே?" என்றார். அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். இப்போதும் தலை வாரும்போது அந்த இடத்தில் சீப்பு பட்டால் எனக்கு உடம்பு கூசுகிறது.

அதன் பிறகுதான் இந்தச் சம்பந்தம். "ஒரு பொண்ண எங்க கம்பெனி தின்னுட்டுது, இன்னொரு பொண்ண என் வீட்டு மகளா வச்சுக்கிடுதேன். ஒரு குண்டுமணி நக போடவேணாம்" என்று ஊர் நடுவில் வைத்துச் சொன்னார். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அப்பா அழுதுகொண்டே சரி என்றார். அப்பா இப்போது பழைய அப்பா இல்லை. அக்காள் போனதிலிருந்து என்னைக் கூப்பிடும்போதெல்லாம் அவர் வாயில் "பேச்சி" என்றுதான் வருகிறது. கூப்பிட்டுவிட்டு, தவறு தெரிந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார். நான் திருத்துவதில்லை, பேச்சியாகவே போய் என்ன வேண்டும் என்று கேட்பேன். அப்படிப்பட்டவரிடம் அந்தச் சாக்கைப் பற்றித் தனியாக எப்படிச் சொல்வேன்? கூரையில் செருகிய அரிவாளை எடுக்க அவருக்கு ஒரு நொடி போதும்.

மகனே, இனிமேல் நான் சொல்வதைக் கேட்டு நீ பயப்படலாம். பரவாயில்லை, பயப்படு. முதலில் நான் இந்தக் கல்யாணத்துக்குச் சந்தோஷமாகச் சம்மதித்தேன். அந்த வீட்டுக்குள் போகவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னைப் பெறவேண்டும், உன்னை அவர் மடியில் உட்கார வைக்கவேண்டும், உனக்குப் பேச்சு வரும்போது அம்மா, அப்பா என்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தையைப் பழக்கவேண்டும் என்று திட்டம் போட்டேன். "உள்ள எத்தன பேரு, தாத்தா?" விடிந்ததும் கேட்பாய். சோற்றில் கை வைக்கும்போது கேட்பாய். விருந்தாளிகள் வந்தால் அவர்கள் முன்னால் கேட்பாய். என்ன கேட்கிறோம் என்று உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் வீட்டு முற்றத்து மரத்தில் தினமும் நான்கு சட்டிகளைக் கட்டித் தொங்கவிடுவேன், காய வைத்தேன் என்பேன். வருடக்கணக்காக அவரை இப்படிச் சாகடிக்கவேண்டும். இதை நினைத்துக்கொண்டு படுத்தால்தான் எனக்குத் தூக்கமே வந்தது. பொய் சொல்லவில்லை, நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு நாள் போர்மேன் எங்கள் வாசலில் உட்கார்ந்து இருமினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நீ பிறந்து பேசப் பழகுவதற்குள் இவர் செத்துப்போனால்? சந்தனம் பூசி, பெரிய மனிதர் என்று ஊரே தூக்கிக்கொண்டு போகுமே, என் அப்பாவும் ஒரு பக்கம் தோள் கொடுப்பாரே! அந்த எண்ணம் வந்ததும் என் திட்டம் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. நான் நல்லவளாகிவிட்டேன் என்று எண்ணாதே. எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் தோன்றியது. ஒரு பிள்ளையை வெறும் ஒரு கேள்விக்காகப் பெறுவது, நான்கு பெண்களை ஒரு ஆர்டருக்காக உள்ளே வைத்து அடைத்ததைப் போலத்தான். அந்த வேலையை அவர் செய்யட்டும். நான் செய்யமாட்டேன்.

அந்தப் பாழுங்கிணற்றில் தண்ணீர் இல்லை. சுவரில் படிக்கற்கள் நீட்டிக்கொண்டிருக்கும், புறா முட்டைக்காகப் பையன்கள் இறங்குவார்கள். கம்பெனி மூடியிருந்த ஒரு உச்சிப் பொழுதில் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். பாதி வழியில் ஒரு கல் காலடியில் ஆடியது. விழுந்திருந்தால் உனக்கு இந்தக் கடிதம் கிடைத்திருக்காது, நீயும் கிடைத்திருக்கமாட்டாய். அடியில் முள்ளும் தழையுமாகக் கிடந்தது. அதற்குள் சாக்கு. சாக்குக்குள் நான்கு சட்டிகள். மூன்று அலுமினியம், ஒன்று பித்தளை. அக்காளின் சட்டியைத் திறந்தேன். கம்மஞ்சோறு பாறைபோல் காய்ந்து ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடக்கூட இல்லை. நான் அழவில்லை, மகனே. அவரைக் கிணற்றடியில் நிறுத்தி அந்தச் சோற்றைத் தின்ன வைக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

சட்டிகளை விறகுக்குக் குவித்திருந்த பருத்திமாறுப் படப்புக்குள் ஒளித்து வைத்தேன். நேற்றுச் சாயங்காலம் வரட்டிக் கூடைக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். சீசன் முடியும்வரை ஒவ்வொரு இரவும் படையில் ஒருவர் கொட்டகையில் படுப்பார். நேற்று அப்பாவின் முறை. அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், யாரும் பார்க்காமல், நான்கு வாளிகளின் மணலைத் தோண்டி, நான்கு சட்டிகளையும் புதைத்தேன். செல்வியின் சட்டி அண்ணாச்சியின் வாளியில். மற்ற இரண்டும் அவரவர் வீட்டு ஆட்களின் வாளியில். பித்தளைச் சட்டி அப்பாவின் வாளியில். இரவில் எங்காவது தீப்பிடித்தால் மணல் குறையக் கூடாதே என்று ஒவ்வொரு சட்டிக்குள்ளும் மணலை நிரப்பி மூடாமல் வைத்தேன். நான் மணல் வரிசைத் தலைவரின் மகள், அதில் குறை வைக்கமாட்டேன். அக்காள் சட்டியில் மட்டும் மணல் போட மனம் வரவில்லை. அந்தச் சோற்றோடுதான் புதைத்தேன். அப்பா இப்போது அதற்குப் பக்கத்தில்தான் கட்டிலில் படுத்திருக்கிறார்.

விடிந்ததும் எல்லாரும் வருவார்கள். பூ வைக்கும் நாள் என்பதால் போர்மேன் புது வேட்டியோடு காப்பி கொண்டு வருவார், சீக்கிரமே வருவார். வாளிகள் கவிழும். எட்டுப் பத்து ஆண்கள் சுற்றி நிற்பார்கள். அப்பாவைப் பிடித்து நிறுத்த அத்தனை பேர் வேண்டும், அதற்காகத்தான் ஞாயிறுவரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் அப்பாவின் கையில் அவர் சாகக் கூடாது. அவர் உயிரோடு இருக்கவேண்டும். தெருவில் நடக்கவேண்டும். டீக்கடையில் அவர் வந்தால் பெஞ்சு காலியாகவேண்டும். அவருடைய மகனுக்கு ஆமத்தூரிலிருந்து விருதுநகர்வரை ஒருவரும் பெண் கொடுக்கக் கூடாது. கேசு நடக்கட்டும், நடக்காமல் போகட்டும். நான் எல்லாவற்றையும் சொல்வேன். மரத்தைப் பார்த்ததாலேயே அப்பா ஏமாந்தார் என்பதையும், அந்த மரத்தை வெறுமையாக்கிய கை எது என்பதையும் சொல்வேன். ஆனால் சொல்வதற்கு முன்னால் சட்டிகள் பேசட்டும். சட்டி பொய் சொல்லாது என்று அண்ணாச்சி சொன்னாரே, அதை அவர் திரும்பவும் நம்பட்டும்.

எனக்கு ஒரே ஒரு பயம்தான். போர்மேன் முன்னாலேயே வந்து, ஒரு வாளியில் பித்தளை விளிம்பு தெரிவதைப் பார்த்துவிட்டால், நேராக இங்கேதான் வருவார். அம்மாவும் நானும்தான் இருக்கிறோம். அப்பா கொட்டகையிலிருந்து வந்தால் தூரத்திலேயே "பேச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார், கதவைத் தட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

உனக்குச் சொல்ல வேறு புத்தி என்னிடம் இல்லை. நீ எந்த வேலைக்குப் போனாலும் போ, படையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சரி. எங்காவது தீ எரிந்தால் உள்ளே எத்தனை பேர் என்று கேள். பதில் சொல்கிறவன் முகத்தைப் பார். பிறகு மரத்தையும் பார். இரண்டையும் நம்பாதே, கதவருகே போய்க் காது கொடு. யாராவது என்னைப்போல் ஒரு சின்னப் பெண் எதிரே ஓடி வந்தால், விலகச் சொல்லாதே, நிறுத்திக் கேள். மன்னிப்பு என்று எல்லாரும் பேசுவார்கள். யாருக்கு வேண்டுமானாலும் மன்னிப்புக் கொடு. சட்டியைக் கழற்றுகிறவனுக்குக் கொடுக்காதே.

கோழி கூவிவிட்டது. தெருமுனையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. அண்ணாச்சியின் சிரிப்பு, தனியாகத் தெரியும். காப்பித் தூக்கின் மூடி உருளுகிற சத்தம். அப்படியானால் அவர் வந்துவிட்டார், எல்லாரோடும்தான் நிற்கிறார். வாளியின் பிடி தரையில் மோதுகிறது. ஒன்று. இன்னொன்று. மணல் கொட்டுகிறது.

சிரிப்பு நின்றுவிட்டது.

இவ்வளவு பேர் நிற்கிற இடத்தில் இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். என்னையும் இந்தத் தாளையும் பார்க்கிறாள். யாரோ கத்துகிறார்கள், "பிடி, பிடிலே, அவன விடாத" என்று. யாரைப் பிடிக்கச் சொல்கிறார்கள், அப்பாவையா, அவரையா, தெரியவில்லை. யாரோ ஓடி வருகிறார்கள். ஒரே ஒருவர்தான். செருப்பில்லாத கால். புது வேட்டி கட்டியவர் செருப்போடுதான் வருவார், ஆனால் பயத்தில் ஓடுகிறவன் செருப்பை விட்டுவிடுவான் அல்லவா. வாசலுக்கு வந்துவிட்டார். மகனே, இதைக் குலுக்கைக்கு அடியில் தள்ளப் போகிறேன். கதவைத் தட்டுகிறார். இரண்டு கையாலும் தட்டுகிறார், "பேச்சி" என்று